முறிந்த எலும்பும் சோர்ந்த மனமும்: முதியோர் சிகிச்சையில் விடுபடும் கேள்விகள்

முதியவர் ஒருவர் வீட்டுக்குள்ளேயே தடுமாறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு வரும்போது, முறிவு எந்த இடத்தில், அறுவை சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம் செய்யலாம் என்பதில்தான் எல்லோருடைய கவனமும் இருக்கும். அந்த அவசரம் நியாயமானதே. ஆனால் விழுவதற்கு முந்தைய சில மாதங்களில் அவர் சரியாகச் சாப்பிட்டாரா, தூங்கினாரா, யாருடனாவது மனம்விட்டுப் பேசினாரா என்று கேட்பவர்கள் குறைவு. அவர் விழுந்ததற்கான காரணம் பல நேரம் அந்தப் பதில்களில் இருப்பதை முதியோர் மருத்துவத்தில் நான் தொடர்ந்து பார்க்கிறேன்.

முதுமையில் மனச்சோர்வு அழுகையாக வெளிப்படுவது குறைவு. "உடம்பெல்லாம் வலிக்கிறது", "வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை", "இனி எனக்கென்ன இருக்கிறது" என்ற பேச்சாகத்தான் அது வரும். வயதானால் இப்படித்தான் என்று வீட்டாரும் விட்டுவிடுவார்கள். நீடித்த மனச்சோர்வில் பலருக்குக் கார்டிசால் என்னும் ஹார்மோன் கூடுதலாகச் சுரக்கிறது. அது எலும்பை உருவாக்கும் செல்களின் வேலையை மட்டுப்படுத்துவதோடு, குடல் கால்சியத்தை உறிஞ்சுவதையும் குறைக்கிறது. பசியின்மையால் புரதம் போதாமல் தசை மெலிகிறது, வெளியே போகாததால் வைட்டமின் டி குறைகிறது, நடமாட்டம் நின்றுபோனதால் பாரம் தாங்கும் பழக்கம் விட்டுப்போன எலும்பு மெல்ல அடர்த்தியை இழக்கிறது. வெளியே ஒன்றும் தெரியாமலே இத்தனையும் நடந்துவிடுகிறது.

மருந்துகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். டயாசிபம், அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகளின் மயக்கம் வயதானவர் உடலில் நெடுநேரம் தங்கும். நள்ளிரவில் சிறுநீர் கழிக்க அவர் அவசரமாக எழுகிறார். எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குகிறது. விளக்குச் சுவிட்சைக் கை தேடும்போதே கால் தடுமாறிவிடுகிறது. எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ரலின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் சிலருக்கு, முக்கியமாகச் சிறுநீர் பிரிக்கும் மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுபவர்களுக்கு, தொடங்கிய முதல் சில வாரங்களில் ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்துத் தள்ளாட்டத்தையும் குழப்பத்தையும் உண்டாக்கலாம். ரிஸ்பெரிடோன் போன்ற மனநோய் மருந்துகள் புரோலாக்டின் என்னும் ஹார்மோனின் அளவை உயர்த்துவதால், நீண்ட காலப் பயன்பாட்டில் எலும்பையும் பாதிக்கக்கூடும். ஏற்கெனவே விழுந்தவர்களுக்கும் எலும்பு முறிந்தவர்களுக்கும் இந்த மூன்று வகை மருந்துகளையும் கூடியவரை தவிர்க்கும்படி அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பியர்ஸ் பட்டியல் அறிவுறுத்துகிறது. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது என்று அழுத்திச் சொல்கிறேன். திடீரென்று நிறுத்துவது ஆபத்து. சிகிச்சை பெறாத மனச்சோர்வும் அதே அளவு ஆபத்து. அளவைக் குறைப்பதா, மருந்தை மாற்றுவதா, சோடியத்தை எப்போது பரிசோதிப்பது என்பதை மருத்துவரோடு சேர்ந்துதான் முடிவுசெய்ய வேண்டும்.

முறிவுக்குப் பிறகு பாதிப்பு எதிர்த்திசையில் தொடங்குகிறது. அறுவை சிகிச்சை முடிந்த முதல் சில நாட்களில் முதியவர்கள் பலருக்குத் திடீர் மனக்குழப்பம் வருகிறது. கத்துபவரையும் ஊசிக்குழாயைப் பிடுங்குபவரையும் எல்லோரும் கவனித்துவிடுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு, கேட்டதற்கு அரைகுறையாகப் பதில் சொல்லி, சாப்பாட்டைத் தொடாமல் கிடப்பவரைத்தான் "தொந்தரவு தராத நோயாளி" என்று விட்டுவிடுகிறார்கள். அந்த அமைதிக்குப் பின்னால் கிருமித்தொற்றோ, நீரிழப்போ, அடங்காத வலியோ இருக்கலாம். மூக்குக்கண்ணாடியையும் செவிக்கருவியையும் முதல் நாளே கொண்டுவந்து கொடுத்து, தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது குழப்பத்தைக் குறைக்க உதவும்.

அதன் பிறகு மிஞ்சுவது பயம். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகக் கூடியிருக்கும்; ஆனால் இயன்முறை மருத்துவர் வாக்கரை முன்னால் வைத்ததும் முதியவர் கட்டிலின் விளிம்பை விரல் வெளுக்கும்வரை பிடித்துக்கொண்டு, "இன்று வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம்" என்பார். அதைப் பிடிவாதம் என்று கண்டிப்பதால் பயன் இல்லை. விழுந்துவிடுவோம் என்ற பயத்தால் நடக்காமல் இருந்தால் தொடைத்தசை இளைத்து, உண்மையிலேயே மறுபடி விழும் வாய்ப்பு கூடும். இன்று கட்டிலிலிருந்து எழுந்து நிற்பது, நாளை இரண்டு அடி என்று இலக்கைச் சிறிதாக்கி, பயிற்சிக்கு முன்பே வலி மருந்தைக் கொடுத்து, உடன் ஒருவர் நின்றால் பெரும்பாலோர் எழுந்துவிடுகிறார்கள்.

ஆகவே முறிவுக்குப் பின் மறுபரிசோதனைக்கு வரும் குடும்பத்தினர், முதியவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், கடையில் தாங்களே வாங்கியவை உட்பட, ஒரே பையில் எடுத்துவர வேண்டும். எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தாயிற்றா என்று கேட்க வேண்டும். கடந்த இரண்டு வாரங்களாக அவர் மனம் சோர்ந்திருக்கிறாரா, முன்பு பிடித்திருந்தவற்றில் ஆர்வம் போய்விட்டதா என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றாலும், 15 கேள்விகள் கொண்ட முதியோர் மனச்சோர்வு அளவுகோலை அன்றைக்கே நிரப்பச் செய்யலாம். அதற்குச் சில நிமிடங்கள்தான் ஆகும்.