சுயு: பருவமழையும் அல்ல, பிளம் மழையும் அல்ல

ஜூன் பிறந்தால் போதும், 'ஜப்பானில் பருவமழை தொடங்கியது' என்று எங்காவது படித்துவிடுகிறேன். ஜப்பானியத் தொடர்களின் தமிழ் வசன வரிகளிலோ அதே மழை 'பிளம் மழை' ஆகிவிடுகிறது. சென்ற வாரம் ஒரே கட்டுரையில் இரண்டும் இருந்தன. படிப்பவர் இவை இரு வேறு மழைகள் என்றுதானே நினைப்பார்?

ஜப்பானியர் சொல்வது 'சுயு'. எழுதும்போது 'உமே', 'மழை' என்ற இரண்டு சீன எழுத்துகள். உமே மரத்தின் காய் பழுக்கும் காலத்து மழை என்பது பொருள். எழுத்து சீனாவிலிருந்து வந்தது. யாங்சி ஆற்றுச் சமவெளியிலும் இதே மழை உண்டு. 'பூசண மழை' என்று பொருள்தரும் எழுத்துகளிலும் முன்பு எழுதியிருக்கிறார்கள். அந்த ஈரத்தில் துணியும் சுவரும் பூசணம் பிடிப்பதை நினைத்தால் அதுவும் பொருத்தம்தான்.

பிளம் மழையைத் தள்ளுவது எளிது. உமேயைப் பிளம் என்றது ஆங்கிலம். தாவர உறவில் அது ஆப்ரிகாட்டுக்குத்தான் நெருக்கம். நம் கடைகளில் பிளம்ஸ் என்று விற்கும் சிவப்புப் பழம்போல அப்படியே கடித்துத் தின்பதும் அல்ல. பச்சைக்காயை மதுவில் ஊறவைப்பார்கள், பழுத்ததை உப்பிட்டுக் காயவைப்பார்கள். 'மாஞ்சாரல் என்று நாம் சொல்லவில்லையா?' என்று கேட்கிறார்கள். சொல்கிறோம். மாமரம் நம் கொல்லையில் நிற்கிறது, அதனால் அந்தச் சொல் மணக்கிறது. பிளம் மழை என்றால் நமக்கு என்ன மணக்கும்?

பருவமழை என்பதுதான் பெரிய தொல்லை. அறிவியல்படி சரி என்று வாதிடுகிறார்கள். கிழக்காசியப் பருவக்காற்றின் ஒரு பகுதி சுயு, மறுக்கவில்லை. ஆனால் பருவமழை என்றதும் நம் மனத்தில் வருவது மாதக்கணக்கில் நீளும் தென்மேற்கும் வடகிழக்கும். ஆண்டு மழையில் பெரும்பகுதியை அவையே கொண்டுவருகின்றன. ஜப்பானில் அப்படியா? வடக்கே ஓகோட்ஸ்க் கடலின் குளிர்ந்த ஈரக்காற்றும், தெற்கே பசிபிக்கின் வெப்பமான ஈரக்காற்றும் முட்டி நகராமல் நிற்கின்றன. அந்த எல்லைக்கோட்டில் பெய்வது சுயு. தெற்குக் கோடித் தீவான ஒகினாவாவில் மே மாதத்திலேயே தொடங்கும். டோக்கியோவில் சராசரியாக ஜூன் 7 வாக்கில் தொடங்கி ஜூலை 19 வாக்கில் முடியும். வடக்குக் கோடித் தீவான ஹொக்கைடோவுக்குச் சுயுவே இல்லை என்பது கணக்கு. அப்புறம் செப்டம்பரில் இலையுதிர்கால மழை, புயல்மழை எல்லாம் தனி.

இன்னொன்று, அந்த நாட்டில் குளிர்காலப் பருவக்காற்று கொண்டுவருவது பனி. சைபீரியாவிலிருந்து வரும் காற்று ஜப்பான் கடலில் ஈரம் குடித்து, நடுவே முதுகெலும்பாக நிற்கும் மலைகளில் மோதி, ஜப்பான் கடலோரத்து நீகாட்டா பக்கம் ஆளுயரத்துக்குக் கொட்டுகிறது. மலைக்கு இப்பால் டோக்கியோவில் வறண்ட வெயில். நாட்டின் முக்கால் பங்கு மலையாக இருப்பதால் வரும் வேறுபாடு இது. இத்தனையையும் 'பருவ' என்ற ஒரே முன்னொட்டுக்குள் திணித்தால் எதுவும் விளங்காது. ஆங்கிலத்தில் இருப்பதை மட்டும் பார்த்துப் பெயர்ப்பவர்கள் தமிழில் மழைக்கு எத்தனை சொல் இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசிப்பதில்லை. தூறல், சாரல், ஆலங்கட்டி, கோடைமழை எல்லாம் கிடக்க, எந்த மழைக்கும் பருவமழை!

நான் 'அடைமழை' என்றே எழுதுகிறேன். 'ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை' என்று ஊரில் சொல்வார்களே, அதே அடைமழை. விடாமல் பெய்வது, வானத்தை அடைத்துக்கொண்டு நிற்பது. சுயுவும் பெரும்பாலும் அப்படித்தான், கொட்டுவதைவிட நசநசப்பதே அதிகம். சில ஆண்டுகளில் சுயு முடியும் தறுவாயில் கொட்டித் தீர்க்கும். 2020 ஜூலையில் தென்மேற்கு ஜப்பானின் குமமோட்டோவில் குமா ஆறு கரை உடைத்தது அப்படி. அதற்குப் பெருமழை என்ற சொல் இருக்கிறது. முதல் முறை 'சுயு எனும் அடைமழைக் காலம்' என்று எழுதிவிட்டு, பிறகு அடைமழை என்றே தொடரலாம்.

ஜப்பான் வானிலை முகமை சுயு தொடங்குவதையும் முடிவதையும் வட்டாரவாரியாக அறிவிக்கும். முடிவுக்குப் பெயர் 'சுயு-அகே'. அகே என்றால் முடிதல், விடிதல். அதற்கும் நம்மிடம் சொல் உண்டு: மழை வெறித்தது.