ப்ரொப்பெல்லர்: திருகா, விசிறியா?

கப்பலின் பின்னால் தண்ணீருக்குள் சுழன்று அதை நகர்த்தும் கருவி ப்ரொப்பெல்லர். லத்தீனில் 'ப்ரோ' முன்னால், 'பெல்லெரே' தள்ளுதல். ஆனால் ஆங்கிலேயக் கப்பல்காரர்கள் வாயில் வெகுகாலம் புழங்கிய பெயர் 'ஸ்க்ரூ', அதாவது திருகு.

தொடக்கத்தில் அது நிஜமாகவே திருகுதான். 1836-ல் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் காப்புரிமை பெற்றது, ஆர்க்கிமிடீசின் நீரேற்றும் திருகைப் போல நீண்ட புரி. மரத்தில் செய்து லண்டன் கால்வாயில் ஓட்டியபோது அதில் ஒரு பகுதி ஒடிந்து விழ, படகு முன்னைவிட வேகமாகப் போனதாம்! புரி அவ்வளவு நீளம் வேண்டாம் என்பது அப்படித்தான் தெரிய வந்தது.

அந்தச் சமயம் பொறியாளர் இசம்பார்டு கிங்டம் ப்ருனெல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 'கிரேட் பிரிட்டன்' என்ற இரும்புக் கப்பலைக் கட்டிக்கொண்டிருந்தார். இருபுறமும் துடுப்புச் சக்கரம் பொருத்துவதாக ஏற்பாடு. 1840-ல் திருகால் ஓடும் ஸ்மித்தின் 'ஆர்க்கிமிடீஸ்' கப்பல் அங்கே வர, அதைச் சோதித்துப் பார்த்தவர் திட்டத்தையே மாற்றினார். கப்பல் சாய்ந்தாடினால் ஒரு சக்கரம் நீருக்கு மேலே வந்துவிடும், மறுசக்கரம் ஆழத்தில் திணறும். நிலக்கரி எரிந்து கப்பல் இலகுவாக ஆக, சக்கரம் மூழ்கும் அளவும் மாறும். நீருக்கடியில் சுழலும் திருகுக்கு இந்தத் தொல்லை குறைவு. அதன் அதிர்வைத் தாங்க மரத்தைவிட இரும்பு உடல்தான் ஏற்றது.

சுமார் 98 மீட்டர் நீளக் கப்பல் 1843-ல் மிதந்தது. 1845-ல் லிவர்பூலிலிருந்து நியூயார்க்குக்கு 14 நாளில் போய்ச் சேர்ந்தது. திருகால் அட்லாண்டிக்கைக் கடந்த முதல் இரும்புக் கப்பல் அதுதான். அதில் ப்ருனெல் பொருத்தியது ஆறு கைகள் விரிந்த, கிட்டத்தட்ட 4.7 மீட்டர் அகல அமைப்பு. பார்த்தால் யாரும் திருகு என்று சொல்லமாட்டார்கள்.

சரி, தமிழில்? 'பெல்லெரே'க்கு 'உந்து' கச்சிதம். 'பேருந்து' என்ற சொல்லில் ஏற்கெனவே இருக்கிறது. 'உந்தி' என்றால் தொப்புளாகிவிடும். 'சுழலி'யை டர்பைனுக்கு எடுத்தாளுகிறோம். அங்கே நீர் கைகளைத் தள்ளுகிறது, இங்கே கைகள் நீரைத் தள்ளுகின்றன. 'திருகு' ஸ்மித்தின் முதல் வடிவத்துக்கே சரி. என் தேர்வு 'உந்துவிசிறி'. சிறு விமானத்தின் மூக்கில் சுழல்வதற்கும் அதுவே பொருந்தும்.