கையில் ஓட்டு இருக்கிறது, அதற்கு வேலை இருக்கிறதா?

அரசியல் அறிவியலில் ஆட்டக் கோட்பாடு (ஒருவரின் முடிவு மற்றவர்களின் முடிவையும் பொறுத்து எப்படிப் பலிக்கும் என்று கணக்கிடும் முறை) என்றதும் மாணவர்கள் கணக்குக்குப் பயந்து ஒதுங்குகிறார்கள். அதனால் வகுப்பில் நான் சூத்திரத்தில் தொடங்குவதில்லை. 1958இல், இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்துக்கு முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் அமைச்சர்கள் மன்றத்தில் ஓட்டுகளை எப்படிப் பிரித்தார்கள் என்பதைப் போர்டில் எழுதிவிடுவேன்.

ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலிக்குத் தலா 4 ஓட்டு. பெல்ஜியம், நெதர்லாந்துக்குத் தலா 2. லக்சம்பர்க்குக்கு 1. மொத்தம் 17. சமூகத்தின் நிர்வாக அமைப்பான ஆணையம் கொண்டுவரும் முன்மொழிவு நிறைவேற 12 வேண்டும். லக்சம்பர்க்கின் மக்கள்தொகை ஜெர்மனியில் நூற்றில் ஒரு பங்குகூடக் கிடையாது. ஓட்டோ கால் பங்கு. தாராளமாகத்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று தோன்றும்.

சரி, கூட்டிப் பாருங்கள். மற்ற ஐந்து நாடுகளுக்கும் இரட்டைப்படை ஓட்டு. யாரை யாரோடு சேர்த்தாலும் 10 வரும், 12 வரும், 11 வராது. லக்சம்பர்க்கின் ஒரு ஓட்டு முடிவை மாற்ற வேண்டுமென்றால் மற்றவர்கள் சரியாக 11இல் நிற்க வேண்டும். ஆக, அந்த ஓட்டு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். 1973இல் பிரிட்டன், டென்மார்க், அயர்லாந்து சேர்ந்தபோது மொத்தம் 58, தேவை 41, லக்சம்பர்க்குக்கு 2 என்று மாறியது. அதன் பங்கு ஏறக்குறைய 6 சதவீதத்திலிருந்து மூன்றரைக்கும் கீழே இறங்கியது, செல்வாக்கோ ஏறியது. பெரிய நாடுகள் நான்குக்கும் தலா 10. நான்கும் சேர்ந்தால் 40, ஒன்று குறைகிறது. அங்கே லக்சம்பர்க் வந்தால் வேலை முடிந்தது.

நியூயார்க் மாநிலத்தின் நாசோ கவுண்டியில் (மாவட்டம் போன்ற பிரிவு) அன்றிருந்த நிர்வாகக் குழுவிலும் இதே கதை. 9, 9, 7, 3, 1, 1 என ஆறு பேருக்கு 30 ஓட்டு, தேவை 16. முதல் மூவரில் இருவர் சேர்ந்தால் போதும். மற்ற மூவராலும் எந்தக் கூட்டணியையும் காப்பாற்றவோ கவிழ்க்கவோ முடியவில்லை. அவர்களுக்கு ஓட்டுப் போட்டு அனுப்பிய மக்களை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. அமெரிக்கச் சட்ட அறிஞர் ஜான் பான்சாஃப் 1965இல் இதை எடுத்துக்காட்டி, ஒருவர் எத்தனை கூட்டணிகளில் முடிவை மாற்றுகிறார் என்று எண்ணும் முறையை முன்வைத்தார். எல்லாக் கூட்டணிகளும் ஒரே அளவு நடக்கக்கூடியவை என்று அந்த முறை எடுத்துக்கொள்கிறது. நிஜ அரசியலில் பகையும் கொள்கையும் குறுக்கே வரும், ஐரோப்பாவிலேயே பல முடிவுகளைப் பேசி ஒருமனதாகத்தான் எடுத்தார்கள். ஆனாலும் ஒரு விதியை எழுதும்போதே அதில் யாருக்கு இடமில்லை என்று பிடிக்க, எனக்குத் தெரிந்து இதைவிட எளிய வழி இல்லை.

சங்க விதி, பங்குதாரர் ஒப்பந்தம் என்று என்னிடம் காட்ட வருபவர்கள் சதவீதத்தை மட்டும் பார்க்கிறார்கள். மூவருக்கு 50, 49, 1 என்று வையுங்கள். 51 போதும் என்றால் 49 வைத்திருப்பவருக்கும் 1 வைத்திருப்பவருக்கும் ஒரே பலம்: இருவரில் யார் வந்தாலும் 50க்காரருக்குப் போதும், அவர் இல்லாமல் இவர்கள் இருவரும் சேர்ந்தாலும் 50தான். யாருடைய பங்கையும் தொடாமல் தேவையை 60 ஆக்குங்கள். இப்போது 50க்காரரும் 49க்காரரும் சேர்ந்தே ஆக வேண்டும், 1 சதவீதக்காரரை யாரும் கேட்கத் தேவையில்லை. ஒப்பந்தத்தில் அந்த 60 பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில் ஒரு வரியாக இருக்கும். கையெழுத்துக்கு முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.