மாலை வகுப்பில் நர்சிங் படிக்க முடியுமா? எல்லையோரப் பெண்களுக்கு ஒரு விளக்கம்

விடியற்காலையில் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப் ஏறி, மலைக்கு மேலே கேரளத்திலுள்ள ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்களில் பலர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள். பகலில் கூலி வேலையும் மாலையில் நர்சிங் வகுப்புமாக இரண்டு மூன்று ஆண்டுகளைக் கடத்திவிட்டால் பிழைப்பு மாறிவிடும் என்ற எண்ணம் இவர்களுக்கு இருக்கிறது. குமுளி, மூணாறு பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிலும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். மாநில நர்சிங் கவுன்சிலில் முதன்முதலாகச் செவிலியராகப் பதிவு பெறுவதற்கு உரிய ஏ.என்.எம். (துணைச் செவிலியர், மகப்பேறு உதவிப் பயிற்சி), ஜி.என்.எம். (பொதுச் செவிலியம், மகப்பேறு டிப்ளமோ), பி.எஸ்சி. நர்சிங் ஆகிய மூன்றும் முழுநேரப் படிப்புகள். இவற்றை மாலை வகுப்பாகவோ தபால் வழியாகவோ படிக்க, நாடு முழுவதும் நர்சிங் படிப்புகளுக்கு விதி வகுக்கும் இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிகளில் இடமில்லை.

இது இரக்கமில்லாமல் போட்ட விதி அல்ல. வகுப்பறைப் பாடத்துக்கு 80 சதவீத வருகை இருந்தால் தேர்வு எழுத முடியும். ஆனால் வார்டு பயிற்சியை 100 சதவீதம் முடிக்காமல் பட்டம் கிடைக்காது. விடுபட்ட நாட்களைப் பின்னால் வந்து ஈடு செய்தே ஆக வேண்டும். மகப்பேறு வார்டில் ஒவ்வொரு மாணவியும் ஒரு கேஸ் புத்தகம் வைத்திருப்பாள். வலி தொடங்கிய நேரம், குழந்தை பிறந்த நேரம், நஞ்சுக்கொடி விழுந்த நேரம், குழந்தையின் எடை என்று வரிவரியாக எழுதி, உடனிருந்த பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பிரசவ வலி மாலை ஆறு மணிக்கு வகுப்பு தொடங்கும் வரை காத்திருப்பதில்லை. அதனால்தான் மாணவிகளுக்குப் பகல், மாலை, இரவு என எல்லா ஷிப்டிலும் பயிற்சி உண்டு.

சென்ற ஆண்டு ஒரு பெண் தன் சான்றிதழை பிளாஸ்டிக் உறையில் போட்டு என்னிடம் கொண்டு வந்தாள். பொன்னிற எழுத்தில் நர்சிங் டிப்ளமோ என்று அச்சிட்டு, வட்ட முத்திரையும் வைத்திருந்தார்கள். எந்த நர்சிங் கவுன்சிலின் பெயரும் அதில் இல்லை. ஓராண்டு மாலை வகுப்புக்காக அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கட்டியிருந்தாள். அந்தக் காகிதத்தை வைத்துத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பதிவு பெற முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டியிருந்தது. நோயாளி உதவியாளர், வீட்டுப் பராமரிப்பு உதவியாளர் போன்ற குறுகிய காலப் பயிற்சிகள் தம்மளவில் மதிப்புள்ளவை. அவற்றால் வேலையும் கிடைக்கும். ஆனால் அவை செவிலியர் பதிவுக்கு வழி அல்ல.

ஏ.என்.எம். இரண்டு ஆண்டுப் படிப்பு; கடைசி ஆறு மாதம் பயிற்சிப் பணி. கேரளத்தில் இதை ஜே.பி.எச்.என். (இளநிலைப் பொதுச் சுகாதாரச் செவிலியர்) பயிற்சி என்பார்கள். ஜி.என்.எம். மூன்று ஆண்டு, பன்னிரண்டாம் வகுப்பில் மொத்தமாகவும் ஆங்கிலத்தில் தனியாகவும் 40 சதவீதம் இருந்தால் எந்தப் பிரிவு படித்தவரும் கவுன்சில் விதிப்படி தகுதி பெறுவர். இந்த இரண்டுக்கும் வயது வரம்பு 17 முதல் 35. ஆகவே திருமணமாகிக் குழந்தை பெற்றவரும் சேரலாம். நான்கு ஆண்டு பி.எஸ்சி.க்கு இயற்பியல், வேதியியல், உயிரியலில் பொதுப் பிரிவினருக்கு 45 சதவீதமும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 40 சதவீதமும் தேவை. ஆங்கிலத்திலும் தேர்ச்சி வேண்டும்.

வேலை பார்த்துக்கொண்டே படிக்க விதி இடம் தருவது இரண்டு கட்டங்களில். ஒன்று, நர்சிங்குக்கு முந்தைய கட்டம். பத்தாம் வகுப்போடு நின்றவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக அறிவியல் பாடங்களுடன் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கலாம். அந்தச் சான்றிதழை நர்சிங் கவுன்சில் ஏற்கிறது. எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) மாலையில் விளக்கடியில் படிக்க விரும்புகிறவர்களுக்கு இதுதான் உண்மையான மாலைப் படிப்பு என்பேன். மற்றொன்று, பதிவு பெற்றதற்குப் பிந்தைய கட்டம். ஜி.என்.எம். முடித்துப் பதிவு பெற்று, இரண்டு ஆண்டு பணி அனுபவமும் உள்ள செவிலியர்களுக்காக இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங்கை (டிப்ளமோ முடித்தவர்களுக்கான பட்டப்படிப்பு) தொலைநிலையில் வைத்திருக்கிறது. குறைந்தது மூன்று ஆண்டு ஆகும். நேர்முக வகுப்பும் செய்முறைப் பயிற்சியும் அதிலும் உண்டு. இதையே கல்லூரியில் முழுநேரமாகப் படித்தால் இரண்டு ஆண்டு. பதிவு பெற்ற ஏ.என்.எம். செவிலியரும் ஜி.என்.எம்.மில் சேரலாம் என்பதால், படிப்படியாக ஏறுகிறவர்களுக்கு வழி அடைபடவில்லை.

எல்லை தாண்டி வேலை பார்ப்பது பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். தேனியில் படித்துத் தமிழ்நாட்டுக் கவுன்சிலில் பதிவு பெற்றவர் இடுக்கியில் பணியாற்ற, கேரள நர்சஸ் அண்டு மிட்வைவ்ஸ் கவுன்சிலில் பரஸ்பரப் பதிவு (ஒரு மாநிலப் பதிவைக் காட்டி மற்ற மாநிலத்தில் பெறும் பதிவு) செய்துகொள்ள வேண்டும். கேரளத்தில் படித்துத் தமிழ்நாட்டுக்கு வருகிறவருக்கும் இதே முறைதான். 1947ஆம் ஆண்டின் நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாகத் தேசிய நர்சிங் மற்றும் மகப்பேறு ஆணையச் சட்டம் 2023இல் நிறைவேறியிருப்பதால், இனிவரும் மாற்றங்களையும் கவனித்து வர வேண்டும்.

பணம் கட்டும் முன், பள்ளியின் பெயர் அந்த மாநிலக் கவுன்சிலின் பட்டியலில் அந்த ஆண்டுக்கு இருக்கிறதா என்று நேரில் பார்த்துவிடுங்கள். பயிற்சிக்கு எந்த மருத்துவமனைக்கு அனுப்புவார்கள், அங்கே எத்தனை படுக்கை என்றும் கேளுங்கள். மருத்துவமனையின் பெயரைச் சொல்லத் தயங்கும் இடத்தில் அட்வான்ஸ் கூடக் கட்ட வேண்டாம். அசல் மதிப்பெண் பட்டியலை ஒப்படைக்கச் சொன்னால், சரிபார்க்கக் காட்டிவிட்டு, நகலைக் கொடுத்து, அசலை அங்கேயே திரும்ப வாங்கி வந்துவிடுங்கள்.