கைக்குப் பின்னால் ஓடும் கர்சர்

அப்டேட் முடிந்து கணினி மறுபடி எழுந்து நிற்கிறது. மவுஸைத் தொடும்வரை எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது. நேற்றுவரை கையோடு ஒட்டிக்கொண்டு ஓடிய கர்சர், இன்று கொஞ்சம் யோசித்துவிட்டுக் கிளம்புகிறது. இல்லையென்றால் திக்கித் திக்கி நகர்கிறது. லினக்ஸ் டெஸ்க்டாப் வைத்திருக்கும் பலரும் இதைப் பார்த்திருப்பார்கள். பார்த்ததும் பேட்டரியை மாற்றுவார்கள், வேறு மவுஸைச் செருகுவார்கள். ஆனால் அப்டேட்டோடு வந்த கோளாறு மவுஸுக்குள் இருப்பது அரிது. கைக்கும் திரைக்கும் நடுவில் நீண்ட பாதை ஒன்று இருக்கிறது. அதில் எந்த இடத்தில் அடைப்பு என்பதை, கர்சர் திக்கும் விதமே பெரும்பாலும் சொல்லிவிடும்.

மவுஸின் வயிற்றில் இருப்பது ஒரு குட்டிக் கேமரா. மேசைப் பரப்பை நொடிக்கு ஆயிரக்கணக்கில் படம் எடுத்து, முந்தைய படத்தோடு ஒப்பிட்டு, எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தோம் என்று கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கை அது தானாக அனுப்பாது, யுஎஸ்பி வழியாகக் கணினி கேட்க வேண்டும். சாதாரண மவுஸை 8 மில்லிவினாடிக்கு ஒருமுறை, அதாவது நொடிக்கு 125 முறை கேட்கும். விளையாட்டுக்கென்று செய்த மவுஸ் என்றால் 1000 முறை. கிடைத்த விடையின் மேல், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் நேர முத்திரை குத்துகிறது. லிப்இன்புட் என்ற நூலகம் அதை எடுத்து, கர்சர் எத்தனை புள்ளி நகர வேண்டும் என்று முடிவு செய்கிறது. லினக்ஸில் திரையை நடத்த வேலண்ட், எக்ஸ் என்று இரண்டு முறைகள் உண்டு. வேலண்ட் அமர்வில், ஜன்னல்களை ஒன்றுசேர்த்து ஒரே படமாக்கும் கம்போசிட்டரும், எக்ஸ் அமர்வில் எக்ஸ் சர்வரும் கர்சரைப் புது இடத்தில் வைக்கின்றன.

எனக்கு இந்தப் பாதையிலேயே மிகவும் பிடித்தது கடைசிப் படிதான். திரையில் தெரியும் படத்தோடு சேர்த்துத்தான் கர்சரும் வரையப்படுகிறது என்று தோன்றும். ஆனால் கிராபிக்ஸ் சில்லில் கர்சருக்கென்றே தனித் தளம் ஒன்று உண்டு. வெகுகாலம் 64க்கு 64 புள்ளி அளவில் இருந்தது. இன்றைய சில்லுகள் பலவற்றில் 256க்கு 256 வரை போகும். மானிட்டருக்குப் படம் கிளம்பும் கடைசிக் கணத்தில்தான் சில்லு அந்தச் சின்னத் துண்டை மேலே ஒட்டி அனுப்புகிறது. ஆகவே கர்சரை நகர்த்த எந்த ஜன்னலையும் மறுபடி வரைய வேண்டியதில்லை, இருக்கும் இடத்தைக் குறிக்கும் இரண்டு எண்களை மாற்றினால் போதும். பிரவுசர் மூச்சுத் திணறிக் கிடக்கும்போதும் கர்சர் மட்டும் வழுக்கிக்கொண்டு போவது இதனால்தான்.

அப்டேட்டுக்குப் பிறகு இந்தத் தனித் தளம் கிடைக்காமல் போனால், கர்சரையும் மற்ற படத்தோடு சேர்த்தே வரைய வேண்டிவரும். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படத்துக்கு 16.7 மில்லிவினாடிதான் அவகாசம். ஒரு படம் வரைய 50 மில்லிவினாடி பிடித்தால், கர்சர் நொடிக்கு 20 முறைதான் நகரும். கை அதை உடனே உணர்ந்துவிடும். என்விடியா கார்டுகளில் இதற்கு ஒரு வழக்கமான காரணம் உண்டு. அவற்றின் டிரைவர் தொகுதியை ஒவ்வொரு புதுக் கெர்னலுக்கும் தனியாகக் கட்ட வேண்டும். பல டிஸ்ட்ரோக்களில், அதாவது லினக்ஸ் வகைகளில், டிகேஎம்எஸ் என்ற கருவி அதைப் பின்னணியில் செய்கிறது. அது ஒருமுறை தவறினால் சில நேரம் கிராபிக்ஸ் வேலை முழுவதும் பிராசஸரின் தலையில் விழும். செட்டிங்ஸில் கணினி விவரப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கிராபிக்ஸ் என்ற இடத்தில் கார்டின் பெயருக்குப் பதிலாக, பிராசஸரிலேயே படம் வரையும் எல்எல்விஎம்பைப் (llvmpipe) என்று இருந்தால், சங்கதி அதுதான்.

கார்டின் பெயர் சரியாக இருக்கிறதா? அப்படியானால் நான் முதலில் சொல்லும் சோதனை டெர்மினலில்தான். ரூட் அனுமதியோடு, அதாவது நிர்வாகி உரிமையோடு, லிப்இன்புட்டின் டீபக்-ஈவென்ட்ஸ் (libinput debug-events) கட்டளையை ஓட்டிவிட்டு, மவுஸை ஒரே வேகத்தில் வட்டமாகச் சுற்றுங்கள். வரிகள் மளமளவென்று கொட்டும். ஒவ்வொரு வரியிலும் அந்த அசைவு கெர்னலுக்கு வந்து சேர்ந்த நேரம் இருக்கும். 125 முறை கேட்கும் மவுஸ் என்றால் அந்த நேரம் எட்டெட்டாக ஏறும். கை நிற்காமல் சுற்றும்போதே நடுவில் 60, 100 மில்லிவினாடி ஓட்டை விழுந்தால், சிக்கல் கெர்னலுக்குக் கீழே: யுஎஸ்பி, வயர்லெஸ், மின்சேமிப்பு. எண்கள் சீராக ஏறியும் கர்சர் திக்கினால் சிக்கல் மேலே இருக்கிறது.

மேலே என்றால், கணினியின் பதிவேட்டில் (லாக்) லிப்இன்புட் விட்டுவைத்த புகார் கிடைக்கலாம். நிகழ்வுகளைக் கையாள்வது இத்தனை மில்லிவினாடி பின்தங்கியிருக்கிறது, உங்கள் கணினி மிக மெதுவாக இருக்கிறது என்று அது சொல்லும். பயப்பட வேண்டாம், கணினி பழையதாகிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. வந்த அசைவை எடுத்துப்போகக் கம்போசிட்டர் நேரத்துக்கு வரவில்லை என்பதே பொருள். 2016இல் வந்த 1.19 பதிப்பிலிருந்து எக்ஸ் சர்வர் உள்ளீட்டுக்கென்று தனி இழை, அதாவது மற்ற வேலைகளுக்குப் பக்கத்தில் தனியே ஓடும் ஒரு தடம், வைத்திருக்கிறது. வேலண்டில் எல்லாப் பொறுப்பும் கம்போசிட்டருடையது, அது வேறு வேலையில் மாட்டிக்கொண்டால் கர்சரும் காத்திருக்கும். 2023இல் வெளியான க்னோம் டெஸ்க்டாப்பின் 45ஆம் பதிப்பு, திரைக்கு அனுப்பும் வேலையைத் தனி இழைக்கு மாற்றியது இதைக் குறைக்கத்தான். அப்டேட் உங்களைச் சொல்லாமல் ஓர் அமர்விலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியிருக்கவும் கூடும். உள்நுழைவுத் திரையில் பாருங்கள்.

கீழே இருக்கும் சிக்கல்களில் மின்சேமிப்பைக் கண்டுபிடிப்பது எளிது. கையை எடுத்துவிட்டு மறுபடி தொடும்போது முதல் அசைவு மட்டும் காணாமல் போகும், பிறகு ஒழுங்காக ஓடும். யுஎஸ்பி சாதனம் சும்மா இருந்தால் தூங்கவைக்கக் கெர்னல் வைத்திருக்கும் இயல்பான அவகாசம் 2 நொடி. மவுஸை அது சாதாரணமாகத் தூங்கவைப்பதில்லை, மின்சேமிப்புக் கருவிகள்தான் அதைச் செய்கின்றன. லேப்டாப் திரைகளில் இதே அறிகுறி இன்னொன்றாலும் வரும். படம் மாறாதபோது பேனல் தன் நினைவிலிருந்தே படத்தைக் காட்டிக்கொண்டு சில்லுக்கு ஓய்வு கொடுக்கும். விழிக்கும்போது தடுமாறினால் கர்சர் தாமதிக்கும். நேர முத்திரை சீராக இருக்கிறதா என்று பார்த்து இரண்டையும் பிரித்துவிடலாம்.

வயர்லெஸ் மவுஸ் என்றால் ஒன்று கேட்பேன்: அப்டேட்டுக்கு முன் பேக்கப் எடுக்கச் செருகிய ஹார்டு டிஸ்க் இன்னும் ரிசீவருக்குப் பக்கத்திலேயே இருக்கிறதா? யுஎஸ்பி 3 இணைப்பு, வயர்லெஸ் மவுஸ்கள் பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல் 2012இலேயே விளக்கியிருக்கிறது.

சில நேரம் காரணம் யாரும் நினைக்காத இடத்தில் இருக்கும். கெர்னல் 6.1 வந்த பிறகு, ஏஎம்டியின் ரைசன் சில்லுள்ள சில கணினிகளில் கர்சர், ஒலி எல்லாம் அவ்வப்போது ஒரு கணம் உறைந்தன. ஏஎம்டி சில்லுக்குள் இருக்கும் பாதுகாப்புப் பகுதியான எஃப்டிபிஎம்மிடம் கெர்னல் சீரற்ற எண்களைக் கேட்கத் தொடங்கியதுதான் காரணம். 2023இல் அந்தப் பழக்கத்தையே கெர்னலில் நிறுத்திவிட்டார்கள். மவுஸைக் கழற்றிப் பார்த்து இதை யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

ஆகவே எந்த அமைப்பையும் மாற்றும் முன், கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து ஒருமுறை பூட் செய்யுங்கள். கர்சர் சரியாகிவிட்டால் தேட வேண்டிய இடம் கெர்னலும் டிரைவரும். சரியாகாவிட்டால் மென்பொருள் தொகுப்புகளின் அப்டேட் வரலாற்றில் அன்று மாறிய டெஸ்க்டாப் நூலகங்களைப் பாருங்கள். லிப்இன்புட்டில் ரெகார்டு (libinput record) என்று இன்னொரு கட்டளை உண்டு. அது மவுஸின் அசைவை நேரத்தோடு கோப்பில் எழுதிவைக்கும். அந்தக் கோப்பையும் இரண்டு கெர்னல்களின் பதிப்பு எண்களையும் சேர்த்து வழுவறிக்கை கொடுத்தால், சரிசெய்பவர் உங்கள் கையின் அதே அசைவைத் தன் கணினியில் ஓட்டிப் பார்க்க முடியும்.