மறுவகைப்பாடு: ‘ரீசோனிங்’ என்பதற்கு ஏற்ற தமிழ்ச் சொல்

ஒரு மனையை இன்ன பயனுக்கு மட்டுமே கொள்ளலாம் என்று நகரமைப்புத் திட்டம் வரையறுத்திருக்கும்போது, அந்த வரையறையையே மாற்றித் தரும்படி உரிமையாளர் உரிய அமைப்பிடம் கேட்பதை ஆங்கில வழக்கில் ‘ரீசோனிங்’ (rezoning) என்கிறார்கள். குடியிருப்புக்கென ஒதுக்கப்பட்ட மனையில் கடை நடத்தவோ, வேளாண்மைக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தில் தொழிற்கூடம் அமைக்கவோ விரும்புகிறவர் இச்சொல்லைக் கடந்துதான் போகவேண்டியிருக்கிறது. தமிழில் இதற்கு ‘மண்டல மாற்றம்’, ‘நில வகை மாற்றம்’, ‘நிலப் பயன்பாட்டு மாற்றம்’ எனப் பல பெயர்கள் கலந்து வழங்குகின்றன. மூன்றும் ஒன்றே என்று தோன்றினாலும், ஒவ்வொன்றும் சற்று வேறான செயலைச் சுட்டுவதால், விண்ணப்பிப்பவர் உண்மையில் எதைக் கேட்கிறார் என்பதே மங்கிப்போகிறது. ஆகவே சொல்லின் வேரிலிருந்து தொடங்குவது நல்லது.

மூலச் சொல்லான ‘சோன்’ (zone) கிரேக்கத்தின் ‘சோனே’ என்பதிலிருந்து இலத்தீன் வழியாக வந்தது. இடையைச் சுற்றிக் கட்டும் கச்சை என்பதே அதன் முதற்பொருள். பண்டைக் கிரேக்க அறிஞர்கள் நிலவுலகை வெப்பம், மிதவெப்பம், கடுங்குளிர் என்று கச்சை கட்டியதைப் போன்ற பட்டைகளாகப் பிரித்துப் பேசியதால், ஆடைக்குரிய அச்சொல் நிலப்பரப்புக்கும் உரியதாயிற்று. அப்பட்டைகளைத் தமிழில் ‘வெப்ப மண்டலம்’, ‘மிதவெப்ப மண்டலம்’ என்கிறோம். அதே ‘மண்டலம்’ நகரமைப்பு நூல்களிலும் எடுத்தாளப்படுகிறது. மண்டலம் வட்டம் என்னும் பொருளுடைய வடசொல். சோழமண்டலம், தொண்டைமண்டலம் என ஆட்சிப் பரப்புகளின் பெயராகத் தமிழில் நெடுங்காலமாக வேரூன்றிவிட்டது. இலங்கைத் தமிழிலோ கல்வி வலயம், வர்த்தக வலயம் என்று ‘வலயம்’ வழங்குகிறது. வலயம் என்றால் கையில் அணியும் வளை, சுற்றி வளைப்பது. கச்சை என்ற பழைய படிமத்துக்கு மண்டலத்தைவிட இதுவே நெருக்கமானது என்பதால், ‘சோன்’ என்ற தனிச்சொல்லுக்கு நான் வலயத்தையே விரும்புகிறேன். ஆனால் ‘ரீசோனிங்’ என்ற செயலுக்கு இவ்விரண்டில் எதுவும் பொருந்தாது. அதன் காரணத்தை அறிய, கச்சை எவ்வாறு சட்டமாயிற்று என்பதைப் பார்க்க வேண்டும்.

ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரம் 1891-இல், பிரான்ஸ் ஆடிக்கஸ் மேயராக இருந்த காலத்தில், நகரின் உட்பகுதிக்கு ஒரு கட்டட விதியும் வெளிப்பகுதிகளுக்கு வேறு விதிகளும் வகுத்தது. அங்கே ‘சோன்’ என்ற சொல்லுக்குப் பட்டை என்ற பொருள் இன்னும் பொருந்திற்று. 1916-இல் நியூயார்க் நகரம் இயற்றிய விதித்தொகுப்பு, குடியிருப்பு, வணிகம், கட்டுப்பாடற்றது என்று மூவகைப் பயன்பாடுகளை வரைபடத்தில் குறித்தது. முந்தைய ஆண்டு எழுந்து தெருக்களை நிழலில் ஆழ்த்திய எக்விட்டபிள் கட்டடம் அதற்கு உடனடித் தூண்டுதல்களில் ஒன்று. இத்தகைய வரையறை அரசியலமைப்புக்கு உட்பட்டதே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1926-இல் தீர்ப்பளித்தது. ஒஹையோ மாநிலத்தின் யூக்ளிட் என்ற சிற்றூருக்கு எதிராக ஆம்ப்ளர் ரியால்டி என்ற நில நிறுவனம் தொடுத்த வழக்கு அது. தொழுவத்தில் இருக்கவேண்டிய பன்றி வரவேற்பறையில் இருப்பதைப் போல, தன்னளவில் குற்றமில்லாத பொருளும் பொருந்தாத இடத்தில் தொல்லையாகிவிடலாம் என்று நீதிபதி ஜார்ஜ் சதர்லண்ட் அதில் எழுதினார். பயன்பாடுகளைத் தனித்தனியே பிரித்துவைக்கும் முறைக்கு ‘யூக்ளிடிய’ என்ற அடைமொழி இவ்வழக்கால் வந்ததே அன்றி, வடிவியல் அறிஞர் யூக்ளிடால் நேராக வந்ததன்று. ஆயினும் அவ்வூருக்கு அவர் பெயரைச் சூட்டியவர்கள் அந்நிலத்தை அளக்க வந்த நில அளவையர்களே என்பது குறிப்பிடத்தக்கது.

இவ்வாறு சட்டமான பிறகு, வலயம் என்பது நிலத்தில் உள்ள பட்டையாக இல்லாமல், வரைபடத்தில் ஒவ்வொரு மனைக்கும் தரப்பட்ட வகைப் பெயராகிவிட்டது. ஒரே வகைக்குரிய மனைகள் ஊரின் நான்கு மூலைகளிலும் சிதறிக்கிடக்கலாம். ‘ரீசோனிங்’ செய்யும்போது மனை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகர்வதில்லை. அதன்மேல் எழுதப்பட்ட வகையே திருத்தப்படுகிறது. ‘மண்டல மாற்றம்’ என்ற தொடர் இதைக் காட்டுவதில்லை. பணியிட மாற்றத்தையும் மின்வாரிய மண்டலத்தையும் நாள்தோறும் கேட்டுப் பழகிய காதுக்கு, அது நிர்வாக எல்லை மாற்றமாகவே ஒலிக்கும்.

‘நிலப் பயன்பாட்டு மாற்றம்’ எளிதில் விளங்கும் தொடர். ஆனால் காடு கழனியாவதையும் கழனி தரிசாவதையும் ஆராயும் சூழலியலாளர்களும் இதே தொடரை ஆளுகிறார்கள். அவர்கள் குறிப்பது மண்ணின்மேல் உண்மையாக நிகழ்ந்துவிட்ட மாற்றத்தை. நகரமைப்பில் வகை மாறுவதும் பயன்பாடு மாறுவதும் வேறு வேறானவை. வணிக வகைக்கு மாற்றப்பட்ட மனை பத்தாண்டுகள் வெற்றிடமாகவே கிடக்கலாம். அப்போது வகை மாறியிருக்கிறது, பயன்பாடு மாறவில்லை. ஒப்புதல் பெறாமல் வீட்டைக் கிடங்காக்கியவரிடம் பயன்பாடு மாறியிருக்கிறது, வகை மாறவில்லை. பின்னதைக் குற்றமாகவும் முன்னதை உரிமையாகவும் கருதும் சட்டத்தைப் பேச, இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கும் சொல் போதாது.

இங்கே பிரிட்டன் வழி வந்த முறையையும் கருதவேண்டும். அந்நாட்டின் 1947-ஆம் ஆண்டு நகர, ஊரமைப்புச் சட்டம், கட்டடத்தின் அல்லது நிலத்தின் பயனைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றுவதையும் அனுமதி பெறவேண்டிய ‘வளர்ச்சி’ என்று வரையறுத்தது. அம்முறையில் உரிமையாளர் கேட்பது தம் மனையில் அவ்வாறு மாற்றிக்கொள்வதற்கான அனுமதி. விதியும் வரைபடமும் இருந்தபடியே இருக்கும். அத்தகைய இசைவுக்குப் ‘பயன்பாட்டு மாற்ற அனுமதி’ மிகப் பொருத்தமான தமிழ். விதியையே திருத்தும் ‘ரீசோனிங்’குக்கு வேறு சொல் வேண்டும்.

அச்சொல் ‘மறுவகைப்பாடு’ என்பது என் துணிபு. முழுமையாகச் சொல்வதானால் ‘நிலப் பயன்பாட்டு மறுவகைப்பாடு’. ‘வகை’யின் வேர் ‘வகு’. பிரித்தல், பங்கிடல், ஒழுங்கு செய்தல் என்னும் பொருள்களை உடையது. நிலத்தைத் திணைகளாக வகுத்துக் கண்ட மொழிக்கு இது புதிய சிந்தனையன்று. நகரமைப்பாளர் வரைபடத்தின்மேல் செய்வது வகுத்தல். விண்ணப்பிப்பவர் கேட்பது அதையே மறுபடி வகுத்தல். ஒன்றை மட்டும் கவனத்தில் கொள்ளவேண்டும்: நன்செய், புன்செய், நத்தம் என்று வருவாய் ஆவணங்களில் உள்ள வகைப்பாடு வரிக்கும் பதிவுக்கும் உரியது. அதில் திருத்தம் பெற்றவர் நகரமைப்பு வரைபடத்திலும் திருத்தம் பெற்றுவிட்டதாக எண்ணிக்கொள்வது பெரும் இழப்பில் முடியக்கூடும். ‘நிலப் பயன்பாட்டு’ என்ற அடையை எழுத்தில் விட்டுவிடக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இதனோடு சேர்ந்து வரும் சொற்கள் சில. வகை மாறாமல், ஓரத்தில் விடவேண்டிய இடம், உயரம் போன்ற அளவுகளில் மட்டும் விலக்குப் பெறுவது ‘விதித் தளர்வு’. வகைக்குள் பட்டியலிடப்பட்டிருந்தும் தனி ஆய்வுக்குப் பின்னரே ஏற்கப்படும் பயன்பாட்டுக்கு ‘நிபந்தனை இசைவு’ எனலாம். சுற்றிலும் உள்ள மனைகளுக்குப் பொருந்தாத சலுகையை ஒரே மனைக்குத் தந்துவிடுவதை ‘ஒற்றைமனை மறுவகைப்பாடு’ என்று குறிக்கலாம். நீதிமன்றங்கள் ஐயத்தோடு நோக்குவது இதையே.

‘விண்ணப்பம்’ என்ற சொல்லும் இங்கே தன் பழைய பொருளோடு நிற்கிறது. பெரியோர்முன் பணிந்து தெரிவிப்பதே விண்ணப்பம். கட்டட அனுமதி கேட்பவர் விதிகள் அனைத்தையும் நிறைவேற்றியிருந்தால், அதை மறுப்பதற்குப் பெரும்பாலும் இடமில்லை. மறுவகைப்பாடு கேட்பவரோ, விதியை மாற்றுவது ஊருக்கு நன்மை என்று ஏற்கச்செய்ய வேண்டியவர். எல்லா ஆவணங்களும் சரியாக இருந்தும் மறுக்கப்படலாம். அறிவிப்பு வெளியிட்டு அண்டை மனையாரின் ஆட்சேபங்களைக் கேட்பதும், சாலை, குடிநீர், கழிவுநீர் வசதிகள் புதிய பயன்பாட்டைத் தாங்குமா என்று ஆராய்வதும், முழுத் திட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் இதனாலேயே நடைமுறையின் பகுதிகளாயின. ஒப்புதல் கிடைத்தாலும் அது கட்டுவதற்கான அனுமதியாகாது. அதைத் தனியே பெறவேண்டும்.

எனவே, விண்ணப்பத்தின் பொருள் வரியில் ‘மண்டலம் மாற்றித் தருதல் தொடர்பாக’ என்று எழுதுவதைவிட, மனையின் புல எண்ணைக் குறித்து, ‘இம்மனையைக் குடியிருப்பு வகையிலிருந்து வணிக வகைக்கு நிலப் பயன்பாட்டு மறுவகைப்பாடு செய்யக் கோருதல்’ என்று எழுதினால், எதிலிருந்து எதற்கு, எந்த ஆவணத்தில் என்ற மூன்றும் அவ்வொரு வரியிலேயே தெளிவாகிவிடும்.