கிராமும் மில்லியும் ஒன்றல்ல

முதலாமாண்டு வேதியியல் ஆய்வகத்தில் ஒரு மோலார் கந்தக அமிலம் ஒரு லிட்டர் தயாரிக்கச் சொன்னால், பல மாணவர்களின் கண் நேராக அளவு ஜாடியின் 98-ஆவது கோட்டுக்குத்தான் போகிறது. "மூலக்கூறு எடை 98 சார், அப்போ 98 மில்லி எடுக்கணும்ல?" என்று நம்பிக்கையோடு கேட்பார்கள். கேட்பவர்களைத் தடுத்துவிடலாம். கேட்காமலே ஊற்றிவிடுகிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு மோலார் என்றால், ஒரு லிட்டர் கரைசலில் மூலக்கூறு எடை அளவு கிராம் பொருள் இருப்பது. ஆக 98 என்பது கிராம். அளவு ஜாடி காட்டுவது மில்லி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக அடர்த்தி வேண்டும். கனஅளவு = நிறை ÷ அடர்த்தி என்பது பள்ளியிலேயே எல்லோருக்கும் மனப்பாடம்; தேர்வில் மதிப்பெண்ணும் வாங்கியிருப்பார்கள். பாட்டிலைக் கையில் எடுக்கும்போதுதான் அது மறந்துபோகிறது.

இந்தப் பழக்கத்தைத் தந்தது தண்ணீர் என்பது என் எண்ணம். அடர்த்திப் பாடம் தொடங்குவதே தண்ணீரில்தான்: ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம். இது தற்செயலாக அமைந்ததும் இல்லை. 1795-இல் பிரான்சில் கிராமை வரையறுத்தபோதே, ஒரு கன சென்டிமீட்டர் தூய நீரின் எடை என்றுதான் வைத்தார்கள். அதனால் தண்ணீருக்கு எந்தக் கணக்கும் போடாமல் கிராமை மில்லியாகப் படித்துவிடலாம், விடையும் சரியாக இருக்கும். இப்படிச் சில வருஷம் பழகிவிட்டால், திரவம் என்றாலே கிராமும் மில்லியும் ஒன்று என்ற எண்ணம் மனதில் ஊறிவிடுகிறது.

கந்தக அமிலத்துக்கே வருவோம். நமக்கு வேண்டியது 98 கிராம் தூய அமிலம். பாட்டிலில் இருக்கும் அடர் அமிலமோ 98 சதவீதம். ஒன்று மூலக்கூறு எடை, இன்னொன்று செறிவு. இரண்டிலும் அதே 98 வருவதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. 100 கிராம் பாட்டில் அமிலத்தில்தான் 98 கிராம் தூய அமிலம் இருக்கும். ஆக நாம் எடுக்க வேண்டியது 100 கிராம். அடர் கந்தக அமிலத்தின் அடர்த்தி ஒரு மில்லிக்கு 1.84 கிராம். 100-ஐ 1.84-ஆல் வகுத்தால் சுமார் 54.3 மில்லி. அவ்வளவுதான் எடுக்க வேண்டும்.

98 மில்லி எடுத்தால் என்ன ஆகும்? 98-ஐ 1.84-ஆல் பெருக்கினால் 180 கிராம். அதில் 98 சதவீதம் தூய அமிலம், அதாவது ஏறக்குறைய 177 கிராம். கரைசல் ஒரு மோலாருக்குப் பதில் 1.8 மோலாராக இருக்கும். தரம்பார்த்தலில் (செறிவு தெரிந்த கரைசலோடு வினைபுரிய வைத்துச் செறிவைக் கண்டறியும் சோதனை) பியூரெட் அளவு ஏன் ஒத்துவரவில்லை என்று அரை நாள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அமிலம் தண்ணீரில் கலக்கும்போது வெளிவரும் வெப்பமும் அதே விகிதத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறதே, அதுதான் என்னைப் பயப்படுத்துகிறது.

எப்போதும் அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது என்று எல்லா ஆய்வகச் சுவரிலும் எழுதியிருக்கிறோம். அதற்கான காரணத்திலும் அடர்த்திக்குப் பங்கு உண்டு. தண்ணீரை அமிலத்தின் மேல் ஊற்றினால், லேசான தண்ணீர் கனமான அமிலத்தின் மேலேயே தங்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் சூடேறி, தண்ணீர் அங்கேயே கொதித்து, அமிலத்தையும் சேர்த்து முகத்தில் தெறிக்கும். அமிலத்தைத் தண்ணீரில் ஊற்றினால் அது கீழே இறங்கிக் கலந்துகொண்டே போகும், சூட்டை வாங்கிக்கொள்ள நிறையத் தண்ணீரும் இருக்கும். ஆனாலும் கிளறாமல் விட்டால் அமிலம் அடியில் தேங்கிவிடும் என்பதால், கண்ணாடிக் குச்சியால் கிளறிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். பீக்கரைக் குளிர்ந்த நீர்த் தொட்டியில் வைத்துச் செய்வது இன்னும் நல்லது.

அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் இதே கதைதான். ஒரு மோலார் கரைசல் ஒரு லிட்டருக்கு 36.5 கிராம் வேண்டும். செறிவு 37 சதவீதம், அடர்த்தி 1.19. கணக்குப் போட்டால் 83 மில்லி அருகில் வரும்.

எல்லாத் திரவமும் இப்படித் தப்பைக் காட்டிக்கொடுப்பதில்லை. தூய அசிட்டிக் அமிலத்தின் அடர்த்தி 1.05. 60 கிராமுக்கு 57 மில்லி எடுப்பதற்குப் பதில் 60 மில்லி எடுத்தாலும் பிழை ஐந்து சதவீதம்தான். கரைசல் கிட்டத்தட்டச் சரியாக வரும், மாணவரும் தான் செய்தது சரி என்றே நம்பிவிடுவார். தண்ணீருக்கு நெருக்கமான திரவங்களில்தான் கெட்ட பழக்கம் வேர்பிடிக்கிறது. அதனால் பயிற்சிக் கணக்கு கொடுக்கும் ஆசிரியர்கள் பாதரசம், எத்தனால், அடர் அமிலங்கள் என்று தண்ணீரிலிருந்து விலகி நிற்பவற்றையே முதலில் கொடுக்க வேண்டும் என்பேன்.

அடுத்து அலகு. சில புத்தகங்களில் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 1840 கிலோ என்று இருக்கும். இதுவும் அதே கந்தக அமிலம்தான், அதே அடர்த்திதான். 100-ஐ 1840-ஆல் வகுத்து 0.054 மில்லி என்று விடை எழுதிய தாள்களை நிறையத் திருத்தியிருக்கிறேன். 0.05 மில்லி என்பது ஏறக்குறைய ஒரு சொட்டு. ஒரே ஒரு சொட்டு அமிலத்தில் ஒரு லிட்டர் மோலார் கரைசல் எப்படி வரும் என்று ஒரு நொடி யோசித்திருந்தால் போதும், கால்குலேட்டர் சொன்னதை அப்படியே எழுதியிருக்க மாட்டார்கள். வகுப்பதா பெருக்குவதா என்ற சந்தேகத்துக்கு நிறை, அடர்த்தி, கனஅளவு மூன்றையும் எழுதிய முக்கோணப் படம் போட்டு, ஒரு மூலையை விரலால் மறைக்கும் வித்தை பல பள்ளிகளில் சொல்லித் தரப்படுகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அலகை எழுதுங்கள். கிராமை, கிராம்/மில்லியால் வகுத்தால் கிராம் அடிபட்டு மில்லி மிஞ்சும். மில்லி மிஞ்சாவிட்டால் கணக்கு தவறு.

அலகு எழுதாத ஓர் அடர்த்தி எண் என்ன செய்யும் என்பதற்கு வேதியியல் வகுப்பில் நான் சொல்லும் உதாரணம் ஒரு விமானம். 1983 ஜூலை 23, ஏர் கனடாவின் போயிங் 767, மான்ட்ரியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டன் போகக் கிளம்புகிறது. எரிபொருள் காட்டும் கருவி வேலை செய்யவில்லை. அதனால் அளவுகோலை விட்டுப் பார்த்துத் தொட்டியில் 7,682 லிட்டர் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். பயணத்துக்கு வேண்டியது 22,300 கிலோ. விமானத்துக்கு எடை முக்கியம் என்பதால் அங்கே எரிபொருளைக் கிலோவில் கணக்கிடுவார்கள். எரிபொருள் வண்டியோ லிட்டரில் ஊற்றும். ஆக, நம் பாடப்புத்தகக் கணக்கேதான்: நிறை தெரியும், அடர்த்தியால் வகுத்துக் கனஅளவு கண்டுபிடிக்க வேண்டும்.

அவர்கள் பயன்படுத்திய எண் 1.77. அது லிட்டருக்கு 1.77 பவுண்டு. கனடா அப்போது மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது; இந்தப் புது விமானம் கிலோவில் கணக்கிடுவது, பழைய விமானங்கள் பவுண்டில். பயன்படுத்தியிருக்க வேண்டியது லிட்டருக்குச் சுமார் 0.80 கிலோ. 7,682-ஐ 1.77-ஆல் பெருக்கி, ஏற்கெனவே 13,597 கிலோ இருப்பதாக முடிவு செய்தார்கள். உண்மையில் இருந்தது ஏறத்தாழ 6,170 கிலோ. மீதிக்குக் கூடுதலாக ஊற்றியது சுமார் 4,900 லிட்டர். ஊற்றியிருக்க வேண்டியது 20,000 லிட்டருக்கு மேல். 41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது எரிபொருள் தீரத் தொடங்கி, சற்று நேரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு எஞ்சினும் நின்றன. கேப்டன் பாப் பியர்சனுக்குக் கிளைடர் ஓட்டிய அனுபவம் இருந்தது. துணை விமானி மாரிஸ் குவின்டலுக்கு கிம்லி என்ற ஊரில் இருந்த பழைய விமானப்படைத் தளம் தெரிந்திருந்தது. எஞ்சின் இல்லாமலே விமானத்தை அங்கே இறக்கினார்கள். உள்ளே இருந்த 69 பேரும் பிழைத்தார்கள்.

இந்தக் கணக்கைப் பலகையில் எழுதி, எங்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும் என்று மாணவர்களிடம் கேட்பேன். விமான எரிபொருள் என்பது ஒருவகை மண்ணெண்ணெய். மண்ணெண்ணெய் தண்ணீரில் மிதக்கும் என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். மிதக்கிறது என்றால் லிட்டருக்கு ஒரு கிலோவுக்குக் குறைவு. 1.77 கிலோ என்றால் அது கிட்டத்தட்ட அடர் கந்தக அமிலத்தின் கனம்! அலகு மறந்துபோனாலும் இந்த ஒரு கேள்வி காப்பாற்றியிருக்கும்.

கணக்கைத் தொடங்கும் முன் மாணவர்கள் ரெக்கார்டு நோட்டின் ஓரத்தில் ஒரு வரி எழுத வேண்டும் என்று வைத்திருக்கிறேன்: இந்தத் திரவம் தண்ணீரைவிடக் கனமா, லேசா? கனம் என்றால் மில்லி எண் கிராம் எண்ணைவிடக் குறைவாக வர வேண்டும். லேசு என்றால் கூடுதலாக வர வேண்டும். எத்தனாலின் அடர்த்தி 0.79, லேசானது, 100 கிராமுக்கு 127 மில்லி அளவு வரும். அதற்கு 79 என்று விடை வந்தால், வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கியிருக்கிறீர்கள்.

வெப்பநிலை பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சூடானால் திரவம் விரிகிறது, அடர்த்தி குறைகிறது. நம் ஊரில் விற்கும் திட்டக் குடுவைகளில் (குறிப்பிட்ட கனஅளவுக்குக் கழுத்தில் ஒரே கோடு போட்ட குடுவைகள்) 27 டிகிரி என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வெப்பநிலையில்தான் அதன் கோடு சரி. அமிலப் பாட்டிலின் லேபிளிலும் அடர்த்தி எந்த வெப்பநிலைக்கானது என்று போட்டிருக்கும். முதலாமாண்டுச் சோதனைகளில் இதனால் பெரிய மாற்றம் வராது.

ஆனால் சமையல் எண்ணெயில் இது காசு விஷயம். சோயா எண்ணெய் ஒரு லிட்டர் 21 டிகிரியில் சுமார் 919 கிராம், 60 டிகிரியில் சுமார் 893 கிராம். பாக்கெட்டில் அதிக வெப்பநிலையைக் குறிப்பிட்டுக்கொண்டு அதற்கேற்ற எடையைப் போட்டால், அதே 'ஒரு லிட்டர்' பாக்கெட்டில் எண்ணெய் குறையும். இதைத் தடுக்கத்தான் 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, லிட்டர் அளவை வெப்பநிலை குறிப்பிடாமலும் கூடவே எடையையும் சேர்த்தும் அச்சிட வேண்டும் என்று எண்ணெய் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது.

ஆகவே கடையில் எடையைப் பாருங்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டில் பெரும்பாலும் 910 கிராம்தான் போட்டிருக்கும், ஒரு கிலோ இருக்காது. ஒரு கடையில் லிட்டர் 180 ரூபாய், பக்கத்து மரச்செக்குக் கடையில் கிலோ 195 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 180-ஐ 0.91-ஆல் வகுத்தால், முதல் கடையில் கிலோ விலை ஏறக்குறைய 198 ரூபாய் வரும். மலிவு செக்குக் கடைதான்.